தோடிக்கு இஸ்திரி போட்டவள்

கொடைக்கானல் பக்கம் ஏதாவது ஹோம்ஸ்டேயில் தங்கியிருக்கிறீர்களா? அங்கே சாப்பாட்டு அறைச் சுவரில், கருநீலத்தில் ஏறி இறங்கும் ஒற்றைக் கோடும், வலது மூலையில் பொடி எழுத்தில் ‘தோடி’ என்ற ராகத்தின் பெயருமாக ஒரு படம் மாட்டியிருந்தால், அதில் ஒரு தப்பு இருக்கிறது. தப்பைச் செய்தவள் நான். 25 பிரதி போட்டேன், 14 விற்றுப்போனது. மீதி 11 என் பீரோ மேல் சுருட்டிக் கிடக்கிறது. சுவரில் மாட்டியவர்கள் யாரும் இதுவரை புகார் சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை. ஆனாலும் ஒரு வருஷமாக அந்த 14 சுவர்களும் ராத்திரியில் ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருக்கின்றன. எழுதித் தொலைத்தாலாவது விடுமா என்று பார்க்கிறேன்.

நான் சங்கீதம் படித்தவள் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஒரு விளம்பர நிறுவனத்தில் ஒன்பது வருஷம் குப்பை கொட்டிவிட்டு, பண்ணைக்காட்டில் அப்பாவின் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்ட கிராஃபிக் டிசைனர். காப்பித் தூள் பாக்கெட், தேன் பாட்டில் லேபிள், உணவகத்து மெனு அட்டை என்று கைக்கு வருவதைச் செய்கிறேன். சோறு போடுவது அதுதான். அப்புறம் மிஞ்சும் நேரத்தில், பாட்டுகளைப் படமாக்கி ஸ்கிரீன் பிரிண்ட் போட்டு விற்கிறேன். பெரிய வித்தை ஒன்றும் இல்லை, கல்யாணப் பத்திரிகையும் துணிப்பையும் அடிக்கிற அதே வேலைதான். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணி, அதன்மேல் எமல்ஷன் பூச்சு. ஃபிலிமை வைத்து வெளிச்சம் காட்டினால், கோடு இருக்கும் இடத்தில் மட்டும் பூச்சு இறுகாமல் நின்று தண்ணீரில் கரைந்துவிடும். அந்தத் திறப்பு வழியாக மை இறங்கும். ஒரு நிறத்துக்கு ஒரு சட்டம். சமவெளியில் அரை நாளில் முடிகிற வேலை, பனிமூட்டம் இறங்கிவிட்டால் எங்கள் ஊரில் மூன்று நாள் இழுக்கும். பூச்சு காயாது. காகிதம் ஈரத்தைக் குடித்து ஒரு மயிரிழை பெருத்துவிடும், முதல் நிறத்தின் மேல் இரண்டாம் நிறம் உட்காராது. அதனாலேயே நான் ஒற்றை நிறத்துக்காரி ஆனேன். கேட்பவர்களிடம் எளிமை என் பாணி என்று சொல்லிக்கொள்வேன்.

கரகரப்பைக் கழிக்கும் காது

பாட்டு எனக்கு வந்தது ரேடியோ வழியாக. இந்தப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு அகில இந்திய வானொலியின் கோடை பண்பலையைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. 100.5 என்றாலே போதும். மதுரை, தேனி, திண்டுக்கல் என்று கீழே இருப்பவர்களுக்கெல்லாம் அது தண்ணீர் மாதிரித் தெளிவாகக் கேட்கும். பண்பலை அலை பெரும்பாலும் கண்ணுக்கெட்டும் நேர்கோட்டில் போவது. கோபுரம் மலையுச்சியில் நிற்பதால் சமவெளி முழுக்க அதன் பார்வையில் இருக்கிறது. மலைக்குள்ளேயே ஒரு மடிப்பில் உட்கார்ந்திருக்கும் எங்கள் வீட்டுக்குத்தான் கரகரப்பு. அப்பா டிரான்சிஸ்டரைக் காப்பிக் களத்தில் ஒரு ஆரஞ்சு மரக் கிளையில் மாட்டி, ஏரியலை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருப்பார். பாதி பாட்டு, பாதி மழை பெய்கிற சத்தம். அந்தக் கரகரப்பை மனசிலேயே கழித்துவிட்டுப் பாட்டை மட்டும் எடுத்துக்கொள்ள என் காது சின்ன வயதிலேயே பழகிவிட்டது. இது ஒரு திறமை என்றுதான் ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

ராகங்களை வரையும் யோசனை வந்ததும் வேலை சுலபமாகவே தோன்றியது. பிராட் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, மொழியியல்காரர்கள் பேச்சை ஆராய்வதற்காக உண்டாக்கியது. ஒலிப்பதிவைக் கொடுத்தால் சுருதி ஏறி இறங்கும் பாதையைக் கோடாகக் காட்டும். இடமிருந்து வலம் நேரம், கீழிருந்து மேல் சுருதி. அந்தக் கோட்டை எடுத்து, நாலு இடத்தில் செதுக்கி, நல்ல கைக்காகிதத்தில் ஒரு நிறத்தில் இறக்கினால் படம் தயார். முதலில் மோகனம் போட்டேன். ஐந்து ஸ்வரம், காற்றோட்டமான கோடு, மஞ்சள் நிறம். ஏன் மஞ்சள் என்று யாராவது கேட்டால் சொல்ல நீளமாக ஒரு விளக்கம் வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. ஒரு ஹோம்ஸ்டேக்கார அக்கா மட்டும், “மோகனம் நீலத்துல கிடைக்குமா? எங்க ரூம் கர்ட்டன் நீலம்” என்றார். கிடைக்கும் என்றேன். 2018இல் குறிஞ்சி பூத்தபோது குறிஞ்சி ராகத்தை வரைந்து, கோட்டின் நுனியில் ஒரு பூவையும் வைத்துவிட்டேன். கடை விரித்த நாளிலிருந்து அதிகம் விற்றது அதுதான், நான் மிகக் குறைவாக உழைத்ததும் அதுதான். அடுத்த பூப்பு 2030. அதுவரை வேறு ஏதாவது செய்தாக வேண்டுமே என்றுதான் தோடிக்குப் போனேன்.

தோடி என்றால் நாதஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. இதில் தேர்வு செய்ய என்ன இருக்கிறது? 1956இல் மறைந்தவர். கிராமபோன் தட்டிலிருந்து ஏற்றிய பழைய பதிவு ஒன்றைப் பிடித்து பிராட்டில் போட்டேன். வந்த கோடு பயங்கரமாக இருந்தது. ஒரு ஸ்தாயி கீழே குதித்து மறுபடி மேலே ஏறும் இடங்கள், அறுந்து தொங்கும் இடங்கள், சில இடங்களில் ரம்பப் பல் மாதிரி ஒரே நடுக்கம். குதிப்பு மென்பொருளின் பிழை, அது எனக்குத் தெரியும். கூடவே ஒரே சுருதியில் ஒலிக்கும் ஒத்தும் தட்டின் இரைச்சலும் சேர்ந்து கேட்டால் அது அப்படித்தான் குழம்பும். குதிப்பைத் திருத்தினேன். அறுந்ததை ஒட்டினேன். நடுக்கத்தையும் பழைய தட்டின் கோளாறு என்றே எடுத்துக்கொண்டு, டிசைன் மென்பொருளில் கோட்டைச் சீராக்கும் கருவியால் மூன்று தடவை மேலே ஓட்டினேன். கோடு பட்டுச்சேலை மடிப்பு மாதிரி வழுவழுவென்று ஆனது. எங்கள் தொழிலில் ‘கிளீனா இருக்கணும்’ என்ற சொல்லைக் கேட்காத நாள் கிடையாது. அன்றைக்கு எனக்கு நானே வாடிக்கையாளர், எனக்கு நானே கிளீனாகக் கொடுத்தேன். ஏ3 அளவில் 25 பிரதி. ஒவ்வொன்றின் கீழேயும் பென்சிலால் எண் போட்டுக் கையெழுத்தும் வைத்தேன்.

மார்கழி மழை

மார்கழியில் கல்யாணம் கிடையாது. காப்பிப் பழம் பறிக்கிற காலமும் அதுதான். இந்த இரண்டுக்கும் உள்ள தொடர்பு அந்த மழை நாள் வரைக்கும் எனக்கு உறைத்ததில்லை. பக்கத்துத் தோட்டத்தில் பழம் பறிக்கக் கீழேயிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். மதியம் மழை பிடித்துக்கொண்டதும், சாக்கைக் கொங்காணியாகத் தலையில் போட்டபடி ஒருவர் எங்கள் திண்ணைக்கு ஓடி வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். இடுப்பில் கட்டிய பறிகூடையைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார். திண்ணையில் கயிறு கட்டி, கிளிப் போட்டு, தோடியைக் காயவைத்திருந்தேன். 

“என்ன தாயி இது, ஈசிஜியா?”

“இல்லண்ணே, தோடி.”

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். எழுந்து பக்கத்தில் வந்தார். “எப்படிப் பார்க்கணும்?” என்று கேட்டார். இப்படிப் போனால் நேரம், மேலே போனால் சுருதி ஏறுகிறது, இந்த மெல்லிய கிடைக்கோடுகள் ஸ்வரங்கள், அடியில் இருப்பது ‘ச’, சட்ஜம் என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, காகிதத்தில் படாமல் ஒரு விரற்கடை தள்ளி, ஆள்காட்டி விரலைக் கோட்டின் மேல் ஓட்ட ஆரம்பித்தார். கூடவே தொண்டைக்குள் ஒரு முனகல். காப்பிப் பழச் சாறு ஏறிக் கறுத்த விரல் அது. கோடு ஏறினால் முனகல் ஏறியது, இறங்கினால் இறங்கியது. ஒரு இடத்தில் விரல் நின்றது. திரும்பவும் பின்னால் போய், அதே இடத்துக்கு வந்து, திரும்பவும் நின்றது. அங்கே என் கோடு ‘க’ என்கிற காந்தாரத்தில் ஏறி, அழகாக, நேராக, நாலு விரற்கடை நீளத்துக்கு ஓடியது. எனக்கு அந்தப் படத்திலேயே மிகவும் பிடித்த இடம்.

“இந்த எடத்துல என்ன, இஸ்திரி போட்டீகளா?”

எனக்குப் புரியவில்லை. அவர் விரலை எடுத்துவிட்டு, அந்தக் காந்தாரத்தைப் பாடிக் காட்டினார். பாடினார் என்பதைவிட, வாயால் நாயனம் வாசித்தார் என்று சொல்லலாம். அது ஒரு இடத்தில் நிற்கவே இல்லை. முந்தின ஸ்வரமான ரிஷபத்தைத் தொட்டும் தொடாமலும் கிளம்பி அடுத்த ஸ்வரமான மத்யமத்தை முட்டுகிற மாதிரி போய்த் திரும்பி, ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது. “இதுதான் காந்தாரம். இது ஆடணும். ஆடலைன்னா தோடி இல்ல” என்றார். அப்புறம் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார்: “இது யார் வாசிச்ச தோடி?”

சொன்னேன். அவர் முகத்தில் வந்ததைக் கோபம் என்று சொல்ல முடியாது. கோவில் வாசலில் யாரோ செருப்போடு நிற்பதைப் பார்த்தால் வரும் பதற்றம் மாதிரி ஒன்று. “சக்கரவர்த்தி வாசிச்சதுக்கா இஸ்திரி போட்டீக?” என்றார். நாதஸ்வரக்காரர்களிடம் சக்கரவர்த்தி என்றால் ஒரே ஆள்தான்.

அவரும் நாயனக்காரர். வைகாசியிலும் ஆவணியிலும் தையிலும் முகூர்த்தங்கள். பங்குனி உத்திரத்துக்குப் பழனி போகும் காவடிகளோடு ஓட்டம். ஆடியிலும் மார்கழியிலும் கிடைத்த கூலி வேலை. அப்பா காலத்திலிருந்து இப்படித்தான் என்றார். இதைச் சொல்லும்போது குரலில் குறை எதுவும் இல்லை, எனக்குத்தான் என்னவோ போல் இருந்தது. டீ கொடுத்தேன். மழை விட்டதும் கூடையைக் கட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

அன்று ராத்திரி பழைய கோப்பைத் திறந்து, சீராக்காத கோட்டையும் ஒலிப்பதிவையும் சேர்த்து ஓடவிட்டுப் பார்த்தேன். ரம்பப் பல் என்று நான் தேய்த்துத் தள்ளிய நடுக்கம் அத்தனையும் காந்தாரத்தைச் சுற்றியே இருந்தது. தட்டின் கோளாறு என்றால் எல்லா இடத்திலும் அல்லவா இருந்திருக்க வேண்டும்? இது ராகம் சொல்கிற இடத்தில் மட்டும் ஆடியது. கரகரப்பைக் கழிக்கப் பழகிய காது பாட்டையும் சேர்த்துக் கழித்திருக்கிறது. 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தடை செய்தது. கட்டையை அழுத்தினால் அந்த ஸ்வரம் அசையாமல் நிற்கும், நம் சங்கீதத்தின் அசைவு அதில் வராது என்பது அன்று சொல்லப்பட்ட முக்கியமான குறை. அந்தத் தடை கொஞ்சம் கொடூரம் என்று எனக்கு எப்போதும் அபிப்பிராயம் உண்டு. அன்று ராத்திரி மட்டும் தடை போட்டவர்கள் பக்கம் சாய்ந்தேன். வானொலிக்காரர்கள் விரட்டிய ஒன்றை, அந்த வானொலியைக் கேட்டு வளர்ந்த நான் காகிதத்தில் செய்து, எண் போட்டு விற்றிருக்கிறேன்.

ஆனால் மனசில் தங்கிப்போனது இஸ்திரி இல்லை, இரண்டாவது கேள்வி. யார் வாசிச்சது? நான் மூலையில் எழுதியது ‘தோடி’ என்று மட்டும். எட்டாவது மேளம் (தாய் ராகம்), ஹனுமத்தோடி, இன்ன இன்ன ஸ்வரம் என்று ஏதோ ஊர்ப் பெயர் மாதிரி, வரைபடத்தில் ஒரு புள்ளி மாதிரி ஒன்று வெளியே இருப்பதாகவும், அதைத்தான் நான் வரைந்ததாகவும் நினைப்பு. அவருக்கு அப்படி ஒன்று கிடையவே கிடையாது. தோடி என்றால் யாரோ ஒருவர், ஏதோ ஒரு நாள், இத்தனை மூச்சுக்குள் வாசித்தது. வடக்கே ராஜஸ்தானிலும் தக்காணத்திலும் ராகமாலை ஓவியம் வரைந்தவர்கள் சுருதியை அளக்கப் போகவில்லை. ஒரு நாயகி, ஒரு மான், ஒரு மேகம், பொழுது எது என்று வரைந்துவிட்டுப் போனார்கள். நான் அதை அலங்காரம் என்று ஒதுக்கி வைத்திருந்தேன். என் கோடு விஞ்ஞானம் என்று ஒரு கர்வம் வேறு.

கண் அடைத்துக்கொண்ட இடம்

தை பிறந்ததும் வத்தலக்குண்டில் ஒரு முகூர்த்தம், வந்து கேட்கச் சொல்லியிருந்தார். போனேன். முந்தின நாள் மாப்பிள்ளை அழைப்பில் அவரைப் பாவம் பிடித்து ஆட்டினார்கள். ஒரு பக்கம் டிஜே பெட்டி, இன்னொரு பக்கம் துண்டுச் சீட்டில் சினிமாப் பாட்டுப் பட்டியல். எல்லாவற்றையும் சளைக்காமல் வாசித்தார், நன்றாகவும் வாசித்தார். மறுநாள் விடியலில் மண்டபத்தில் பூக்கட்டுகிறவர்களும் சமையல்காரர்களும் தவிர ஆளில்லை. ஐந்தரை இருக்கும். தவில்காரர் விரலில் கூடுகளை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டிருந்தார். இவர் நாயனத்தின் ஊதுவாயான சீவாளியை உதட்டில் வைத்து ஈரப்படுத்தி, இரண்டு தடவை ஊதிப் பார்த்து, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுத் தோடியை எடுத்தார்.

நான் காதால் கேட்டதைவிடக் கண்ணால் பார்த்தது அதிகம், தொழில் புத்தி. காந்தாரத்துக்குப் போனபோது விரல் துளையை முழுசாக மூடவும் இல்லை, முழுசாகத் திறக்கவும் இல்லை. அங்கேயே உருண்டது. சீவாளியைப் பிடித்த உதடு இறுகி இளகியது, புருவம் ஏறி இறங்கியது, வாத்தியத்தின் அடியில் விரிந்த அணைசு மெல்லச் சுழன்றது. உடம்பு மொத்தமும் அந்த ஒரு ஸ்வரத்தைச் சும்மா நிற்கவிடாமல் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தது. ஏழெட்டு நிமிஷம் இருக்கும். அப்புறம் பெண்வீட்டார் யாரோ வந்து கை காட்டினார்கள், வேறு பாட்டுக்கு மாறிவிட்டார்.

ஊருக்கு வந்து சீராக்காத கோட்டை அப்படியே ஃபிலிம் எடுத்து பிரிண்ட் போட்டேன். நேர்மையாகச் செய்தால் சரியாக வந்துவிடும் என்று ஒரு நினைப்பு. ஒரு நிமிஷ ஆலாபனையை ஏ3 அகலத்தில் அடைத்தால் காந்தாரத்தின் ஆட்டங்களுக்கு நடுவே காலிடம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. துணியின் கண்கள் அந்த அளவு நுணுக்கத்தைத் தாங்காது. மை பக்கத்துக்குப் பக்கம் பரவி, கண் அடைத்துக்கொண்டு, காந்தாரம் இருந்த இடத்திலெல்லாம் கம்பளிப்பூச்சி மாதிரி ஒரு கறுப்புத் திட்டு. போன தடவை நேர்கோடு, இந்தத் தடவை கம்பளிப்பூச்சி. இரண்டிலும் ஆட்டம் இல்லை. இன்னும் நெருக்கமான துணி வாங்கினேன், மையை இளக்கினேன், பனி இல்லாத பத்து மணி வெயிலுக்காகக் காத்திருந்து இழுத்தேன். பதினைந்து தாள் பாழ். கடைசியில் புத்திக்கு எட்டியது ரொம்பச் சின்ன விஷயம். ஒரு நிமிஷத்தை ஏன் ஒரு தாளில் அடைக்க வேண்டும்? ஒன்பது நொடி போதும். ஒரே ஒரு காந்தாரம், தாள் முழுக்க. ஒவ்வொரு ஊசலும் தனியாகத் தெரிந்தது. ஒன்றுபோல் இன்னொன்று இல்லை என்பதும் தெரிந்தது. முதலில் அகலமாக ஆடி, நடுவில் சுருங்கி, விடும்போது மத்யமத்தின் பக்கம் ஒரு சின்ன எட்டு. மூலையில் இந்தத் தடவை ‘ராஜரத்தினம் பிள்ளை – தோடி – ஒரு காந்தாரம்’ என்று எழுதினேன்.

மூன்று விற்றது. நீலக் கர்ட்டன் அக்கா, “சாப்பிடுற எடத்துல இது வேணாம்டா, ஆஸ்பத்திரி ஞாபகம் வருது” என்றார். பழையதை வாங்கிய எல்லோருக்கும் போன் போட்டு, காசு வேண்டாம், மாற்றித் தருகிறேன் என்றேன். ஒருவர் மட்டும் சம்மதித்தார். மற்றவர்களுக்கு, இருப்பதில் என்ன குறை என்பதே விளங்கவில்லை. ஒருவர், “அது முன்னாடி நின்னுதான் கெஸ்ட் எல்லாரும் போட்டோ எடுக்குறாங்க, கழட்டச் சொல்றீங்களே” என்று கோபித்துக்கொண்டார். அவரிடம் காந்தாரம் ஆட வேண்டும் என்று நான் எப்படி விளக்குவது? எனக்கே போன மார்கழியில் ஒருவர் பாடிக் காட்டித்தான் தெரியும்.

இந்த மார்கழியிலும் அவர் பழம் பறிக்க வந்தார். மழைக்காகக் காத்திருக்காமல் முதல் நாளே திண்ணையில் வந்து உட்கார்ந்து, “ஆடுதா?” என்றார். உள்ளே கூட்டிப் போய்ப் புதுப் படத்தைக் காட்டினேன். அதே விரல், அதே ஒரு விரற்கடை இடைவெளி, அதே முனகல். இந்தத் தடவை விரல் எங்கேயும் நிற்கவில்லை, தாளின் வலது ஓரம் வரைக்கும் போய் இறங்கியது. “ம்” என்றார். அவ்வளவுதான் பாராட்டு, எனக்கு அது போதும். அப்புறம் பீரோ மேல் இருந்த பழைய சுருளில் ஒன்றை எடுத்து விரிக்கச் சொன்னார். பழைய தோடியில் மறுபடி விரலை வைத்து ஆரம்பத்திலிருந்து ஓட்டினார். காந்தாரத்தைக் கடந்தும் போய்க்கொண்டே இருந்தார், முனகலோடு. பாதித் தாளில் முனகல் திணறியது. விரலை எடுக்காமல் என்னைப் பார்த்தார்.

“இவ்வளவு நேரம் ஆச்சு, இன்னும் மூச்சு வாங்கலையே தாயி? எங்க வாங்குனார்?”

அவர் தோட்டத்துக்குப் போன பிறகு கோப்பைத் திறந்தேன். சீராக்குவதற்கு முந்தைய கோடு. முதல் நிமிஷத்துக்குள்ளேயே நாலு இடத்தில் அறுந்திருந்தது. நாலையும் மென்பொருளின் பிழை என்று நான்தான் ஒட்டியிருந்தேன்.